பெயரை மறைத்த போத்தல்கள்

எமது நாட்டின் பொதுப் பரீட்சைகளில் மாணவர் விடைத்தாளில் தம் பெயரை எழுதுவதில்லை; சுட்டெண்ணை மட்டுமே எழுதுவர். எழுதியவர் எந்த ஊரவர், எந்தப் பாடசாலையைச் சேர்ந்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரியலாகாது. மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோரிடமும் இதே வழக்கம் உண்டு. போத்தலை மூடி மறைத்து, இலக்கமிட்ட கிண்ணங்களில் ஊற்றி, இன்னதென்று அறியாமலே புள்ளியிடுவர். இதனை மறைசுவைப்பு என்று குறிப்பிடலாம்.

இம்முறையின் வலிமையை உலகறியச் செய்தது 1976 மே 24 அன்று பாரிஸில் நடந்த நிகழ்வு. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வணிகர் பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் பெயர் மறைத்து ஒன்பது பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தார். சிவப்பு, வெள்ளை ஆகிய இரு பிரிவுகளிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. அங்கிருந்த ஒரே செய்தியாளர் 'டைம்' சஞ்சிகையின் ஜோர்ஜ் டேபர். எந்தக் கிண்ணத்தில் எது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது, நடுவர்களிடம் இருக்கவில்லை. ஒரு நடுவர் கலிபோர்னிய வெள்ளை வைனை அருந்திவிட்டு, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று மகிழ்ந்ததை டேபர் பதிவு செய்தார். வைன் சஞ்சிகையொன்றின் ஆசிரியரான இன்னொரு நடுவர் முடிவு வெளியானதும் தமது புள்ளித்தாளைத் திருப்பிக் கேட்டதாக ஸ்பரியர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அமெரிக்காவின் பேர்பன் விஸ்கியைக் கொண்டு இச்சோதனையை ஒருமுறை என் வீட்டிலும் நடத்தினேன். நண்பர்கள் ஐவர், போத்தல்கள் நான்கு. அவற்றைக் கடதாசிப் பைகளில் இட்டுக் கழுத்தில் கட்டினேன். ஆளுக்கு ஐந்து கிண்ணங்கள் வைத்தேன். அதாவது, ஒரே பேர்பன் இரு கிண்ணங்களில் இருந்தது. அளவு சிறிது; இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். புள்ளியை எழுதி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கலாகாது என்பது விதி. "மச்சான், மூன்றாவதுதான் விலை கூடினது, சந்தேகமே இல்லை" என்று எழுதி முடித்த கையோடு ஒருவர் அறிவித்தார். பையை நீக்கியபோது அது நான்கிலும் மலிவானதாக இருந்தது. ஒரே பேர்பன் இருந்த இரு கிண்ணங்களுக்கும் ஒரே மாதிரிப் புள்ளியிட்டவர் எவருமில்லை.

சிரிப்பு அடங்கியபின் எஞ்சிய கேள்வி முக்கியமானது. லேபலை நாம் ஏன் இவ்வளவு நம்புகிறோம்? பேர்பனைப் பொறுத்தவரை அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாயிலிருந்தே விற்கப்பட்டது. இடைத்தரகர்கள் மலிவான சாராயத்தில் நிறமும் சுவையும் சேர்த்துப் பழைய விஸ்கி என்று விற்றனர். மருந்து விற்பனையாளராக இருந்த ஜோர்ஜ் கார்வின் பிரவுன் 1870 இல் லூயிவில் நகரில் தமது 'ஓல்ட் ஃபொரெஸ்டர்' விஸ்கியை முத்திரையிட்ட போத்தலில் மட்டுமே விற்கத் தொடங்கினார். கலப்படத்துக்கு எதிரான வாக்குறுதியாகவே போத்தலும் லேபலும் அங்கு தோன்றின.

அவ்வாக்குறுதிக்கு அரசு பிணை நின்றது 1897 இல். கென்டக்கி வடிசாலை உரிமையாளர் எட்மண்ட் ஹேய்ன்ஸ் டெய்லரும் திறைசேரிச் செயலாளர் ஜோன் கார்லைலும் முன்னின்று உழைத்த சட்டம் அது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரச கண்காணிப்பிலுள்ள களஞ்சியத்தில் நான்கு ஆண்டுகளேனும் வைத்து, 50 சதவீத மதுசாரத்துடன் போத்தலில் அடைத்தால் மட்டுமே அரசின் பச்சை முத்திரை கிடைத்தது. 1906 இல் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் வந்தது. எது விஸ்கி என்ற வழக்கு அதன்பின் ஜனாதிபதி டாஃப்ட் வரை சென்று 1909 இல் தீர்க்கப்பட்டது. பேர்பனை அமெரிக்காவுக்கே உரிய உற்பத்தியாகக் காங்கிரஸ் 1964 இல் ஏற்றது. குறைந்தது 51 சதவீதம் சோளம், உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலன் என்பன இன்று பேர்பனுக்கான கட்டாய விதிகள்.

ஆகவே சட்டம் பொய்யை ஒழித்தது, புனைவை ஒழிக்கவில்லை. கருக்கிய பீப்பாயைக் கண்டுபிடித்தவர் எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார் என்ற கதைக்கு ஆதாரமில்லை. ஆயினும் அவர் பெயரில் பேர்பன் விற்கப்படுகிறது. இந்தியானா மாநிலத்தின் லோரன்ஸ்பேர்க்கிலுள்ள ஒரே பெரிய வடிசாலையின் விஸ்கி பல வேறு வர்த்தகப் பெயர்களில் வெளிவந்திருக்கிறது. என் நண்பர்களின் நாவைத் தடுமாற வைத்ததில் இத்தகைய கதைகளுக்கும் விலைச்சீட்டுக்கும் பங்குண்டு.

ஆனால் லேபல் கூட்டிச் சொல்வது மட்டுமல்ல, சொல்லாமல் விடுவதும் உண்டு. பேர்பனின் நெருங்கிய உறவான டென்னசி விஸ்கியில் புகழ்பெற்ற பெயர் ஜாக் டானியல். இளவயதில் அவருக்கு வடிக்கும் தொழிலைக் கற்பித்தவர் நேதன் 'நியரஸ்ட்' கிரீன் என்ற கறுப்பினத்தவர். அப்போது அவர் அடிமை. பின்னர் விடுதலை பெற்று டானியலின் வடிசாலையில் முதல் தலைமை வடிப்பாளரானார். 1967 இல் வெளிவந்த டானியலின் வாழ்க்கை வரலாற்று நூலிலேயே கிரீனின் பெயர் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 2016 இல் 'நியூயோர்க் டைம்ஸ்' எழுதிய பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அச்சில் இருந்தும் கண்ணில் படாத பெயர் அது. கென்டக்கியிலும் டென்னசியிலும் அடிமைகளாக வடிசாலைகளில் உழைத்த வேறு பலரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

மறைசுவைப்பு நாவுக்கு நீதி செய்கிறது. அதனை வீட்டில் நடத்திப் பார்க்குமாறு மது அருந்தும் நண்பர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரலாற்றுக்கு நீதி செய்ய அது போதாது. சுவையை அறிய லேபலை மறைக்க வேண்டும். அதனை ஆக்கிய கைகளை அறிய, பையை நீக்கியபின் அந்த லேபலைச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும். செய்தித்தாளையும் அவ்வாறே வாசிக்க வேண்டும் என்பதை இத்தனை ஆண்டு காலத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது.