மூச்சை அடக்கியவர்கள்

நெய்தல் நிலத்தைப் பாடிய நமது பழம்புலவர்கள் கொற்கை முத்தைப் பலமுறை பாடியிருக்கிறார்கள். முத்தின் ஒளி அந்தப் பாடல்களில் நிறைய உண்டு. அதை எடுக்கக் கடலடிக்குப் போனவன் மூச்சடக்கும் வித்தையை யாரிடம் கற்றான் என்ற கேள்விக்கு அங்கே விடை தேடுவது கடினம். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூலோ, கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. இன்றைய உரையில் அந்தக் குளியாட்களின் கல்வியைப் பற்றியே பேச நினைக்கிறேன்.

வவுனியாவின் செட்டிகுளப் பக்கமாக ஓடிவரும் அருவியாறு மேற்கே கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் அரிப்பு என்ற ஊர் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் ஒரு மாளிகை இடிந்து நிற்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காக ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது அது. ஊரவர்கள் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். அல்லியின் கதையைக் கேட்டு வளர்ந்த சனங்களுக்கு, கடலைப் பார்த்து நிற்கும் கட்டடம் வேறு யாருடையதாக இருக்க முடியும்? ஆளுநரின் பெயர் புத்தகங்களோடு நின்றுவிட்டது.

கடலடியில் உள்ள பாறைத் தளத்தை நமது கடற்றொழிலாளர் 'பார்' என்பார்கள். மன்னார் வளைகுடாவின் பார்களில் சில இடங்களில் முருகைக்கல் வளர்ந்திருக்கும். சில இடங்களில் மணலும் பாறையும் கலந்திருக்கும். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். ஆழம் 5 முதல் 10 பாகம் வரை. குளியாள் பாரமான கல்லொன்றிற் காலை வைத்து, விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். அரபுக் குளியாட்கள் கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டுவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். கைக்கு எட்டியதைக் கூடையில் அள்ளிக்கொண்டு, ஒரு நிமிடம் போல ஆனதும் கயிற்றை அசைப்பான். தோணியில் கயிறு பிடித்திருப்பவனின் கையிலேதான் இவனுடைய உயிர் இருக்கிறது.

இவர்களோடு கடல்கட்டி என்றொருவரும் இருப்பார். மந்திரத்தாற் சுறாக்களின் வாயைக் கட்டுவது அவருடைய தொழில். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைகளைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, அப்படிப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்கிறார். பின்னர் வந்த ஆங்கிலேய அதிகாரிகள் மந்திரத்தை நம்பாதபோதும் கடல்கட்டியை விலக்கவில்லை. அவர் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பயந்தவனின் இதயம் வேகமாக அடிக்கும். அடித்தால் மூச்சு விரைவிற் தீரும். கடல்கட்டி சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, குளியாளின் பயத்தைக் கட்டினார்.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு மிகப் பெரியது. 300க்கு மேற்பட்ட தோணிகள், ஏறக்குறைய 5,000 குளியாட்கள், 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். பெறுமதி 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். கரைக்கு வந்த சிப்பியை மூன்று கும்பமாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்றே உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு. அடுத்த ஆண்டு பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சிப்பியும் இல்லை, கம்பனியும் இல்லை. அந்த 1906ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டி முகாமில் கடமையாற்றிய இளம் அதிகாரிதான், பின்னாளில் இலங்கைக் காட்டுக் கிராமமொன்றை நாவலாக்கிய லெனாட் வூல்வ்.

குளியாளின் வித்தைக்கு மாற்றாக ஒரு கருவி 1943இல் பிரான்சிற் பிறந்தது. கூஸ்தோவும் கஞ்ஞானும் செய்த அந்தச் சுவாசக் கருவி, உருளையில் அடைத்த காற்றை ஆழத்துக்கு ஏற்ற அமுக்கத்திற் தந்தது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இத்தகைய கருவிகளோடு இலங்கைக் கடல்களில் இறங்கினார்கள். திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில், போர்த்துக்கீசர் 1620களில் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்குத் தூண்களைக் கண்டார்கள். தேவாரம் பாடிய கோயிலின் கற்களை மீனும் பாசியும் மூடிக் கிடந்த செய்தி, அடுத்த ஆண்டு கிளார்க்கின் புத்தகத்தில் வந்தது.

முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த நானும் இந்தக் கருவியை முதுகிற் சுமந்திருக்கிறேன். தெற்கே பயணம் போனபோது, நிலாவெளிக்கு எதிரே புறாமலையின் முருகைக்கற்களில் ஓர் இளைஞர் கற்றுத் தந்தார். அவர் சொன்ன முதல் விதி, "எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதேங்கோ அண்ணை" என்பது. கேட்டதும் திகைத்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளாக நமது குளியாள் கற்ற முதற் பாடம் மூச்சை அடக்குவதுதானே!

காரணம் எளிது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. மேலிருந்து கொண்டுபோன மூச்சு அங்கே பாதிக் கனவளவாகச் சுருங்கும். மேலே வரும்போது பழையபடி ஆகும், அவ்வளவுதான். அங்கேயே உருளையிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்றோ, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இருமடங்காகி நுரையீரலைக் கிழிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அமுக்கத்தில் நெடுநேரம் சுவாசித்தால் நைதரசன் இரத்தத்திற் கரையும். விரைந்து ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோற் குமிழிகள் எழும். முள்ளந்தண்டில் அவை தங்கினால் கால்கள் விழுந்துவிடும். ஆகவே நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிக்க வேண்டும்.

சங்குக்கும் கடலட்டைக்கும் உருளையோடு இறங்கும் தொழிலாளர் வடகிழக்குக் கரையெங்கும் இருக்கிறார்கள். ஒரே நாளிற் பல உருளைகளை முடித்து, கால் மரத்துப்போய்க் கரையேறியவர்களும் உண்டு. அப்படி ஒருவர் கதிரையில் இருந்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, சிலிண்டரை ஆர் வேணுமெண்டாலும் தருவினம். மேல வாற விதத்தைத்தான் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

மேலே வரும் விதம் உலகத்துக்குப் புதிய அறிவன்று. ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம் தரிக்கவேண்டும் என்ற அட்டவணையை ஹோல்டேன் 1908இல் வெளியிட்டுவிட்டார். அதாவது மன்னார்ப் பார்களைக் கம்பனி குத்தகைக்கு எடுத்து இரண்டே ஆண்டுகளின் பின்.

பழைய குளியாளுக்குத் தகப்பன் இருந்தான், கயிறு பிடிக்கத் தோழன் இருந்தான், பயம் போக்கக் கடல்கட்டி இருந்தார். உல்லாசப் பயணிக்கு இன்று ஆசிரியர் இருக்கிறார். வயிற்றுக்காக இறங்குபவனுக்கோ உருளை மட்டுமே கிடைத்திருக்கிறது. ஹோல்டேன் தொடக்கிவைத்த அட்டவணையின் இன்றைய வடிவம் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் சுவரிலும் எழுதப்பட வேண்டும். அதைப் படித்துக் காட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் போதும். இந்த உரையைக் கேட்பவர்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று நம்புகிறேன்.