உலகச் சதுரங்க வாகையர் போட்டி, 2006

ரஷ்யக் கூட்டமைப்பைச் சேர்ந்த கல்மீக்கியக் குடியரசின் தலைநகர் எலிஸ்டாவில், 2006 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 13 வரை விளாதிமிர் கிராம்னிக்கும் (ரஷ்யா) வெசலின் டோபலோவும் (பல்கேரியா) மோதிய போட்டி. 13 ஆண்டுகளாக இரண்டாகப் பிரிந்திருந்த உலகப் பட்டத்தை இது ஒன்றாக்கியது. கழிவறைத் தகராறு ஒன்றால் பாதியில் முறிந்துபோகும் நிலைக்கும் வந்தது.

பின்னணி

1993-இல் உலக வாகையர் கேரி காஸ்பரோவும் அவரை எதிர்க்கத் தகுதிபெற்ற நைஜல் ஷார்ட்டும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயை விட்டு விலகி, லண்டனில் தனியே ஆடினர். ஃபிடே காஸ்பரோவின் பட்டத்தைப் பறித்தது. ஃபிடே நடத்திய போட்டியில் அனத்தோலி கார்ப்போவ், யான் டிம்மனை வென்று அதைப் பெற்றார். அன்றுமுதல் உலகுக்கு இரு வாகையர்கள். ஒரு கிளையில் 2000-இல் காஸ்பரோவை வீழ்த்திய கிராம்னிக், 2004-இல் பீட்டர் லேகோவுடன் சமன்செய்து பட்டத்தைக் காத்தார். மறு கிளையில் ஃபிடே பட்டம் விஸ்வநாதன் ஆனந்த் (2000) உட்படப் பலரிடம் கைமாறி, 2005-இல் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் நகரில் டோபலோவிடம் வந்து சேர்ந்தது. இணைப்புக்கான பிராக் உடன்பாடு 2002-இலேயே கையெழுத்தானபோதும், நான்காண்டு இழுபறிக்குப் பிறகே இருவரும் நேருக்கு நேர் அமர்ந்தனர்.

போட்டியும் தகராறும்

12 ஆட்டங்கள் என்பது ஏற்பாடு. தரப்புள்ளிகளில் டோபலோவே (2813) கிராம்னிக்கை (2743) விஞ்சி நின்றார். ஆனால் முதல் இரு ஆட்டங்களையும் கிராம்னிக் வென்றார். இரண்டாவதில் கைக்கெட்டிய வெற்றியை டோபலோவ் நழுவவிட்டார். அடுத்த இரண்டும் சமன்.

அப்போது டோபலோவின் மேலாளர் சில்வியோ டனைலோவ், கண்காணிப்புக் கேமரா இல்லாத தனிக் கழிவறைக்குக் கிராம்னிக் அளவுக்கு மீறிப் போய்வருகிறார் என்று புகார் கொடுத்தார். மேல்முறையீட்டுக் குழு தனிக் கழிவறைகளைப் பூட்டி, இருவருக்கும் பொதுவாக ஒன்றைத் திறந்தது. இது ஒப்பந்த மீறல் என்ற கிராம்னிக், ஐந்தாம் ஆட்டத்துக்கு வர மறுத்தார். ஆடாமலே புள்ளி டோபலோவுக்குப் போனது.

ஃபிடே தலைவரும் கல்மீக்கிய அதிபருமான கிர்சான் இல்யும்ஜினோவ் தலையிட்டார். தனிக் கழிவறைகள் மீண்டும் திறக்கப்பட்டன. மேல்முறையீட்டுக் குழு மாற்றியமைக்கப்பட்டது. பறிபோன புள்ளி மட்டும் திரும்பவில்லை. தன் எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு, கிராம்னிக் 3–2 என்ற நிலையில் ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவருடைய நகர்த்தல்கள் ஃபிரிட்ஸ் கணினி நிரலோடு பெரிதும் ஒத்துப்போகின்றன என்றும் டனைலோவ் அறிக்கை விட்டார். முறைகேடு எதுவும் நிறுவப்படவில்லை.

முடிவு

எட்டாம், ஒன்பதாம் ஆட்டங்களை வென்று டோபலோவ் முந்தினார். பத்தாவதில் கிராம்னிக் சமநிலைக்கு மீண்டார். 12 ஆட்டங்களின் முடிவு 6–6. அக்டோபர் 13 அன்று நடந்த நான்கு துரித ஆட்டங்களில் கிராம்னிக் 2.5–1.5 என வென்றார். கடைசி ஆட்டத்தின் 44-ஆம் நகர்த்தலில் டோபலோவ் செய்த பெரும்பிழை பட்டத்தைத் தீர்மானித்தது.

விளைவு

ஆடாத ஆட்டத்தின் புள்ளி கிராம்னிக்கை வீழ்த்தியிருந்தால், இணைந்த பட்டத்தின் மீது ஐயம் நிலைத்திருக்கும். பலகையில் ஆடிய ஆட்டங்களிலும் அவரே முன்னணியில் இருந்ததால் அந்த ஆபத்து நீங்கியது. 2007-இல் மெக்சிகோ நகரில் இந்தப் பட்டத்தை வென்ற ஆனந்த், 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கையும் 2010-இல் சோபியாவில் டோபலோவையும் வென்று அதைக் காத்தார். எலிஸ்டாவுக்குப் பிறகு உலகப் பட்டம் மீண்டும் பிளவுபடவில்லை.