ஆயர் அச்சடித்த அரபுக் காசு

1266 செப்டம்பரில் இத்தாலியின் வித்தெர்போ நகரிலிருந்து போப் நான்காம் கிளெமென்ட் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். அது போய்ச் சேர வேண்டிய இடம் தென் பிரான்சின் கடலோர மறைமாவட்டமான மாகெலோன். கத்தோலிக்கன் எவனாவது முகமது நபியின் பெயர் பொறித்த காசை அடிப்பானா என்பதுதான் ஆயர் பெரெங்கே த ஃப்ரெதோலிடம் அவர் கேட்ட கேள்வி.

குற்றச்சாட்டு பொய்யல்ல. ஆயரின் அக்கசாலையில் அரபு எழுத்துப் பொறித்த வெள்ளிக் காசுகள் அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

ஆயருக்கு அக்கசாலை எதற்கு? சார்லமேனின் வாரிசுகள் வலுவிழந்தபின் நாணய உரிமை பிரபுக்களிடமும் ஆயர்களிடமும் சிதறிப் போனது. 924-ல் மன்னர் ரவூல், லெ புய் ஆயருக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். லான் நகரத்து தெனியே காசில் ஒரு பக்கம் மன்னர் பிலிப் ஒகுஸ்தின் தலை. மறுபக்கம் ஆயர் ரோஜே த ரோசுவாவின் தலை. ஒரே காசில் இரண்டு அதிகாரம்! அடிக்கும் காசில் ஒரு பங்கு அக்கசாலைக்கு உரியவருக்கு வரும் என்பதால், நல்ல வயல்களைப் போலவே அக்கசாலையும் நிலையான வருமானம்.

மாகெலோன் ஆயருக்கு இந்த வருமானம் வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. அருகிலிருந்த மெல்கேய் என்ற சிறு நாட்டின் கோமகன் பியேர், 1085-ல் தன் நாட்டை போப்பின் மேலாண்மைக்கு ஒப்படைத்திருந்தார். பின்னாளில் அது துலூஸ் கோமகன்களின் கைக்குப் போனது. தென் பிரான்சிலேயே நடந்த அல்பிஜென்சியச் சிலுவைப்போரில் துலூசின் ஆறாம் ரேமோன் வீழ்ந்ததும், 1215-ல் போப் மூன்றாம் இன்னசென்ட் அதை மாகெலோன் ஆயருக்கு மானியமாக வழங்கினார். கூடவே மெல்கேய் அக்கசாலையும் வந்தது. லாங்கெதொக் வட்டாரத்தின் பத்திரங்களில் விலையும் வாடகையும் மெல்கேய் காசில்தான் கணக்கிடப்பட்டன. அதனால் அது சாதாரணச் சொத்தல்ல.

அரபுக் காசுக்கு வருவோம். வட ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினின் தென்பகுதியையும் ஆண்ட அல்மொஹாத் அரசின் வெள்ளி திர்ஹம் சதுர வடிவம் கொண்டது. எடை சுமார் 1.5 கிராம். ஒரு முகத்தில் இறைவன் ஒருவனே என்ற வாசகம். மறுமுகத்தில் முகமது நபியும், அல்மொஹாத் இயக்கத்தைத் தொடங்கிய மஹ்தியும் குறிப்பிடப்படுவார்கள். பெரும்பாலான காசுகளில் ஆண்டு இல்லை, ஆட்சியாளர் பெயரும் இல்லை. போலி செய்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மக்ரெப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்காவின் சந்தைகளில் வெள்ளிக்குத் தேவை இருந்தது. சகாராவைத் தாண்டி வந்த தங்கம் அங்கே கிடைத்தது. அங்குள்ள வியாபாரி பழகிய காசையே கொண்டுபோனால் பேரம் சுலபம். 'மில்லாரே' என்று பெயர் பெற்ற இந்தப் போலிகளை அடித்தவர் மாகெலோன் ஆயர் மட்டுமல்ல.

கிழக்கிலும் இதே கதை நடந்திருந்தது. சிலுவைப்போராளிகளின் ஏக்கர் நகரத்தில் நபியின் பெயர் கொண்ட காசு அடிக்கப்படுவதை, போப்பின் தூதர் ஒதோ த ஷாத்தோரூ கண்டித்துத் தடுத்தார். 1251 முதல் அங்கே அரபு எழுத்து அப்படியே நீடித்தது. வாசகம் மட்டும் கிறிஸ்தவ விசுவாசத்தைச் சொல்லத் தொடங்கியது. வியாபாரம் நிற்கவில்லை!

கிளெமென்டுக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. அவர் ரோன் நதியோரத்து சேன்-ஜில் ஊர்க்காரர். மாகெலோனுக்கு மேலான நார்போன் பேராயராகவும் இருந்தவர். ஆகவே அவருடைய கோபத்தில் உள்ளூர்க்காரனின் அறிவும் கலந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும், தம் தம்பி அல்போன்சின் வெனெஸ்ஸேன் பகுதியில் இதே காசு அடிக்கப்படுவதைக் கண்டித்து எழுதினார். மன்னருக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. 1262-லேயே தம் காசு நாடெங்கும் செல்லும், பிரபுக்களின் காசு அவரவர் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று ஆணையிட்டவர் அவர்.

இன்று அருங்காட்சியகப் பேழைகளில் இருக்கும் சதுர திர்ஹம்களில் எது மாகெலோனில் அடித்தது என்று பிரிப்பது நாணயவியலாளர்களுக்குத் தலைவலி. எழுத்துப் பிழை மலிந்தவை எளிதில் சிக்கிவிடும். நல்ல கைவேலை கொண்டவற்றை அடையாளம் காண வழியில்லை. ஆயர் எதிலும் தம் பெயரைப் பொறிக்கவில்லை.