மத்தி ஏன் மறைகிறது? மலபார்க் கரையில் ஒரு நூற்றாண்டு ஆய்வு

1943இல், உலகப் போரின் நடுவே, மதராஸ் மாகாண அரசு மலபார்க் கரையில் மத்தி மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. முட்டையிடும் பருவத்து மீன்களையும் வளராத குஞ்சுகளையும் பெருமளவில் பிடிப்பதைத் தடுப்பதே நோக்கம். அக்கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையாக இருந்தது மாகாண மீன்வளத்துறையின் கடலுயிரியல் அறிஞர் டி. டபிள்யூ. தேவநேசனின் ஆய்வு. இந்தியக் கடல்மீன் ஒன்றைக் காக்க உயிரியல் ஆய்வின் துணையுடன் சட்டம் வகுக்கப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் அக்கட்டுப்பாடுகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. மீன்வள மேலாண்மை வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படும் இந்நிகழ்வு விரிவாகப் பேசப்பட வேண்டியது. முழுமை பெறாத அறிவைக் கொண்டு பிறருடைய பிழைப்பின்மீது விதி செய்யலாமா என்ற கேள்வி அதனுள் இருக்கிறது. அக்கேள்வி இன்றும் தீரவில்லை.

மத்தி (சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்) கேரள, கர்நாடகக் கரைகளின் ஏழைகள் உணவு. தெற்குக் கேரளத்தில் இதனைச் சாளை என்பர். ஓராண்டு கரையில் குவிந்து விலையற்றுப் போகும். மற்றோராண்டு கண்ணிலேயே படாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய மீன்களை வகைப்படுத்திய பிரான்சிஸ் டே மலபார் மீன்களைப் பற்றி 1865இல் தனி நூலே எழுதினார். அக்காலத்திலேயே மத்தி உணவாக மட்டும் பயன்படவில்லை. எண்ணெய்க்கும், தோட்டங்களுக்கு எருவாகவும் சென்றது. உப்புவரி நிலவிய நாட்டில் ஒரே நாளில் கரைக்கு வரும் பெருங்குவியலை உப்பிட்டுக் காப்பது எளிதன்று. தீர்வையற்ற உப்பை வழங்கும் கருவாட்டுக் கூடங்களை அரசு ஏற்படுத்தியபோதும், மிகுதியானது எருவாகவே போயிற்று.

இந்நிலையில்தான் பிரடெரிக் நிக்கல்சன் வருகிறார். இந்தியக் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்னோடியான அறிக்கையை எழுதியவர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவர். 1905இல் மதராஸ் மாகாண மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஏற்றார். அம்முயற்சியே 1907இல் தனித்துறையாயிற்று. ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள மீன்தொழிலைப் பற்றிக் குறிப்பு எழுதியவரும் அவரே. மீனைக் கரையில் அழுகவிட்டு எண்ணெய் எடுத்துவந்த வழக்கத்துக்கு மாற்றாக, புதிய மீனை வேகவைத்துப் பிழியும் முறையை மலபாரில் பரப்பினார். எண்ணெயும் சக்கையும் தனித்தனியே விலைபோயின. கரை நெடுகிலும் சிறு ஆலைகள் எழுந்தன. உடனே விற்காவிட்டால் வீணாகும் பொருளுக்கு நிலையான சந்தை உருவானது. ஆனால், எவ்வளவு பிடித்தாலும் வாங்க ஆள் உண்டு என்ற நிலையும் அதனோடு சேர்ந்தே வந்தது. எவ்வளவு பிடிக்கலாம் என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பியிருக்க வாய்ப்பில்லை. துறையின் இலக்கு உற்பத்திப் பெருக்கம்.

அத்துறையில் உயிரியலைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இலங்கை முத்துக்குளிப்பு ஆய்வுக்காகக் கீழைநாட்டுக்கு வந்து, பின்னர் மதராஸ் மீன்வளத்துறையில் சேர்ந்து, 1918 முதல் 1924 வரை அதன் இயக்குநராக இருந்தார். எம். ராமசாமி நாயுடுவுடன் இணைந்து 1920களின் முற்பகுதியில் அவர் வெளியிட்ட மத்தியின் வாழ்க்கை வரலாறு பற்றிய ஆய்வு, மலபார்க் கடலின் மிதவையுயிர்களைப் பற்றிய குறிப்புகளையும் உள்ளடக்கியது. இந்த இணைப்பு முக்கியமானது. மீனின் வரவை விளக்க வேண்டுமாயின் வலையை மட்டும் பார்த்தால் போதாது. அது தின்னும் நுண்ணுயிர்களையும் அவற்றை வளர்க்கும் நீரையும் பார்க்க வேண்டும் என்ற அணுகுமுறை இந்தியக் கடலாய்வில் அதன்வழி வேரூன்றியது. 1921இல் கோழிக்கோட்டின் வெஸ்ட் ஹில்லில் அமைந்த ஆய்வு நிலையம் அப்பணியைத் தொடர்ந்தது.

தேவநேசன் 1943இல் வெளியிட்ட ஆய்வு, மத்தி வரத்தின் ஏற்ற இறக்கத்துக்கான காரணங்களையே நேரடியாகக் கேட்டது. முட்டையிட வரும் மீன்களும் முதிராத குஞ்சுகளும் மிகுதியாகப் பிடிபடுவது வரத்துக் குறைவுக்குக் காரணம் என்பது அவர் முடிவு. சினையுற்ற மீனைப் பிடித்தால் அடுத்த தலைமுறை குறையும் என்பது பொதுப்புத்திக்கும் உடன்பாடானது. ஆனால் மத்தியின் இயல்பு இந்த எளிய கணக்குக்குள் அடங்குவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மேற்குக் கரையோரமாக ஆழ்நீர் மேலெழுகிறது. அது கொண்டுவரும் ஊட்டச்சத்தால் டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள் பெருகுகின்றன. மத்தியின் முதன்மை உணவு அவை. மத்தி முட்டையிடுவதும் இதே பருவத்தில்தான். மழைக்காலம் முடியும் தறுவாயில் குஞ்சுகள் கரையோரம் திரள்கின்றன. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 15 செ.மீ. வளர்ந்து முதிர்ச்சி அடைகின்றன. ஆயுளோ இரண்டரை ஆண்டு அளவுதான். ஆகவே ஓராண்டின் வரத்துப் பெரும்பாலும் அவ்வாண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ பிறந்த மீன்களையே நம்பியிருக்கிறது. பல ஆண்டு வாழும் மீனினங்களில் ஓராண்டுப் பிறப்புக் குறைவை முந்தைய தலைமுறைகள் ஈடுகட்டும். மத்திக்கு அந்தச் சேமிப்புக் கிடையாது. ஒரு மீன் பல்லாயிரம் முட்டைகளை இடும். அவற்றுள் எத்தனை பிழைக்கும் என்பதை மழையும் நீரோட்டமும் உணவும் தீர்மானிக்கின்றன.

பின்னாளில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. டி. ஆன்டனி ராஜா இப்புள்ளியைக் கூர்மையாக்கினார். 1947இல் தொடங்கிப் பின்னர் கொச்சிக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனம் மத்தி பற்றி 1969இல் வெளியிட்ட தனிவெளியீடு அவருடையது. முட்டையிடும் உச்ச காலத்து மழையளவுக்கும் அதன்பின் வரும் குஞ்சுகளின் பெருக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் வாதிட்டார். மழை பொய்த்தால் சினைமுட்டைகள் சினைப்பையிலேயே சிதைவுறக்கூடும் என்பது அவர் முன்வைத்த விளக்கம். இதனை ஏற்றால், தேவநேசன் குற்றம் சாட்டிய வலைக்குப் பங்கு குறைகிறது; வானத்துக்குப் பங்கு கூடுகிறது.

இதைக் கொண்டு தேவநேசன் தோற்றார், ஆன்டனி ராஜா வென்றார் என்று எழுதுவது வரலாறாகாது. 1940களில் கட்டுப்பாட்டின் விளைவை அளக்கும் கருவியே இல்லை. நீண்ட கடற்கரையின் எண்ணற்ற இறங்குதுறைகளில் எவ்வளவு மீன் இறங்குகிறது என்பதை மாதிரிக் கணக்கெடுப்பின்மூலம் மதிப்பிடும் முறையை மத்திய நிறுவனம் உருவாக்கி நிலைப்படுத்தியது விடுதலைக்குப் பின்னரே. விதி முதலில் வந்தது. அளவுகோல் பிறகு வந்தது. வரத்து உயர்ந்திருந்தாலும் அது விதியின் பயனா, நல்ல மழையின் பயனா என்று அன்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

மேலும், அன்றைய கடல் வேறு. துடுப்பாலும் பாயாலும் செல்லும் தோணிகளின் வலைக்கு எட்டியது கடலின் ஓரம் மட்டுமே. 1980களில் கேரளத்தில் வளைவலையும் வெளிப்பொருத்து இயந்திரமும் பரவின. ஒரு கூட்டத்தை முழுதாக வளைத்து எடுக்கும் ஆற்றல் மீனவர் கைக்கு வந்தது. அப்போதும் இயற்கையின் ஆட்டம் நிற்கவில்லை. 1994இல் கேரளத்தின் மத்தி வரத்து இரண்டாயிரம் டன்னுக்கும் கீழே போனது. 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன்னாக உயர்ந்தது. 2016இல் ஐம்பதாயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. அதன்பின் மீண்டும் லட்சம் டன்னைக் கடந்தது.

2012க்குப் பிந்தைய சரிவை ஆராய்ந்த மத்திய நிறுவன அறிஞர்கள், 2018இல் வெளியான கட்டுரையில், மிகைப்பிடிப்பையும் தட்பவெப்ப மாற்றத்தையும் சேர்த்தே காரணமாகக் கண்டனர். வலையா வானமா என்று எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரண்டும் ஒரே கணக்கின் இரு உறுப்புகளாயின. எல் நினோ போன்றதொரு பாதகமான ஆண்டில் பிறப்புக் குறைகிறது. அதே ஆண்டில் எஞ்சிய குஞ்சுகளையும் வலை வளைத்தால் மீட்சி தள்ளிப்போகிறது. வானத்தை எந்த அரசாணையாலும் திருத்த முடியாது. கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தக்கூடியது வலை ஒன்றே.

கேரள அரசு 2015 முதல் மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவுகளை அறிவித்தது. மத்திக்கு அது 10 செ.மீ. முதிர்ச்சி அளவைவிடக் குறைவான இந்த எண் ஒரு சமரசம். முதிர்ந்த மீனை மட்டுமே பிடிக்கலாம் என்றால் சிறுமீனவரின் பருவ வருமானம் பெரிதும் பாதிக்கப்படும். அளவே இல்லையென்றால் மிகச் சிறிய குஞ்சுகள் மீன்தூள் ஆலைகளுக்குப் போகும். நிக்கல்சன் காலத்து எண்ணெய் ஆலையின் இடத்தில் இன்று மீன்தூள் ஆலை நிற்கிறது. குஞ்சுகளைக் காக்க வேண்டும் என்ற தேவநேசனின் கருத்து எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு உருவில் சட்டமாகியிருக்கிறது.

ஆய்வு மாணவர்கள் இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அறிவு முழுமையடையும்வரை காத்திருந்தால் காக்க வேண்டிய மீன் எஞ்சாமற் போகலாம். அரைகுறை அறிவோடு விதித்தால் அதன் சுமை தோணிக்காரன் தலையில் விழும். இரண்டு இழப்புகளும் உண்மையானவை. ஆகவே விதி செய்யும்போதே அதன் விளைவை அளக்கும் ஏற்பாடும், தவறெனக் கண்டால் திருத்தும் வழியும், வருமானம் இழப்போருக்கு ஈடும் உடன்வர வேண்டும். 1943இன் கட்டுப்பாடு ஓர் உயிரியல் கருத்தை மட்டும் நம்பி நின்றது. இன்றைய 10 செ.மீ. விதியின் பின்னால் பல்லாண்டுப் புள்ளிவிவரம் இருக்கிறது. மத்தி வராத ஆண்டில் அந்த விதியைக் கடைப்பிடிக்கும் மீனவக் குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்பதற்கு மட்டும் அப்புள்ளிவிவரத்தில் விடை இல்லை.