வாசலில் கேட்ட கேள்வி

சென்ற தை மாதம் புதுச்சேரியில் ஒரு ஹாஸ்டலில் எனக்குக் கட்டில் இல்லை என்றார்கள். செயலியில் பணம் கட்டி, உறுதிச் செய்தியும் வந்த பிறகுதான். வரவேற்பு மேசையில் இருந்த பையனுக்கு இருபத்துமூன்று வயது இருக்கலாம். என் ஆதாரை வாங்கிப் பார்த்தவனின் முகம் சங்கடமாகிவிட்டது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க டார்ம்ல பதினெட்டுலேர்ந்து நாப்பத்தஞ்சு வரைக்கும்தான். பாலிசி சார்.”

“எனக்கு அறுபத்திரண்டு. குறட்டை கிடையாது தம்பி.”

சிரித்தான். ஆனால் கட்டில் தரவில்லை. தனி அறை எடுத்துக்கொள்ளலாம், வாடகை ஐந்து மடங்கு என்றான். பணத்தைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டேன்.

அவன்மேல் கோபம் வரவில்லை. கலப்பு டார்மில் பெண்களும் படுக்கிறார்கள். என் வயது ஆண்கள் சிலர் அங்கே நடந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். வெறித்துப் பார்ப்பது, கேட்காமலே அறிவுரை சொல்வது, “வீட்ல எப்படிம்மா தனியா அனுப்பினாங்க?” என்று விசாரிப்பது. விடுதிக்காரருக்கு நடத்தையை முன்கூட்டி அளக்க வழியில்லை. வயதை ஆதாரில் பார்த்துவிடலாம். சுலபமான வேலை எதுவோ அதை அவர் செய்கிறார்.

ஆனாலும் கடற்கரைச் சாலையில் நடந்தபோது ஒரு எண்ணம் கூடவே வந்தது. ஹாஸ்டல் என்பதே இளசுகளுக்காக உண்டானதுதானே, நான் ஏன் அங்கே போய் நின்றேன்? ஊர் திரும்பியதும் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்த மாதிரி அது அவ்வளவு நேர்க்கோட்டுக் கதையாக இல்லை.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் லென்னே ஆற்றங்கரையில் ஆல்டெனா என்ற சிறிய ஊர். கம்பி இழுக்கும் பட்டறைகளுக்குப் பேர்போனது. அங்கே ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு பள்ளி ஆசிரியர். புகைக்குள் வளரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் நடக்கவைப்பதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை. நடைப்பயணம் அப்போது ஜெர்மனியில் புதிதில்லை. ‘வாண்டர்ஃபோகல்’, அதாவது வலசைப் பறவை, என்ற பெயரில் ஓர் இளைஞர் இயக்கமே 1901 முதல் இருந்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தரவர்க்க வீடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஷிர்மானின் பிள்ளைகளுக்குச் சத்திர வாடகை கட்டக் காசில்லை.

1909 ஆகஸ்ட் 26. ஆல்டெனாவிலிருந்து ஆஹென் நகரை நோக்கி எட்டு நாள் நடைக்கு மாணவர்களோடு கிளம்பியிருந்தார். ப்ரோல் பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒதுங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையைக் காலிசெய்து தந்தார்கள். விவசாயி ஒருவர் தரையில் விரிக்க வைக்கோல் கொடுத்தார், பாலும் வந்தது. களைத்துப்போன பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஷிர்மானுக்குத் தூக்கம் வரவில்லை. மின்னல் வெட்டிக்கொண்டிருந்த அந்த ராத்திரியில்தான் அவருக்குத் தோன்றியது: விடுமுறையில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே பூட்டிக் கிடக்கின்றன?

அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு பள்ளி. பையன்களுக்கு ஒரு வகுப்பறை, பெண்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கினால் பதினைந்து படுக்கை போடலாம். வைக்கோல் திணித்த சாக்கு, தலையணை, விரிப்பு, கம்பளி. படுத்தவரே காலையில் தன் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு இதைப் பத்திரிகையில் எழுதினார். வில்ஹெல்ம் ம்யூன்கர் என்ற தொழிலதிபர் கூடச் சேர்ந்துகொண்டு பணமும் நிர்வாகமும் பார்த்தார். புதுப்பிக்கப்பட்ட ஆல்டெனாக் கோட்டைக்குள் 1912இல் விடுதி திறந்தது. நிரந்தர இளைஞர் விடுதிகளில் உலகிலேயே முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். மூன்றடுக்கு மரக்கட்டில்கள் போட்ட அந்தப் பழைய படுக்கையறையை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த மழை இரவில் ஷிர்மானுக்கு வயது 35.

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அவர் உண்டாக்கிய ஜெர்மன் விடுதிகளின் ஒரு பெரும்பகுதியில் பிற்காலத்தில் அவரே தங்கியிருக்க முடியாது. பவேரியா மாநில இளைஞர் விடுதிகளில் 26 வயதைத் தாண்டியவருக்கு இடமில்லை என்ற விதி, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கும் குழுவை அழைத்துவருபவருக்கும் விலக்கு உண்டு. ஆக, ஷிர்மான் வாத்தியாராக வந்தால் கட்டில், தனியாளாக வந்தால் ஓட்டல்.

ஜெர்மன் விடுதியை நடத்துபவருக்குப் பெயர் ‘விடுதித் தந்தை’. அவர் மனைவியும் சேர்ந்து நடத்தினால் ‘விடுதிப் பெற்றோர்’. இன்றும் அந்தச் சொற்கள் அங்கே புழக்கத்தில் உள்ளன. அப்பா அம்மா ஸ்தானத்தில் இருப்பவர்கள் சமைக்கலாம், சாவிக்கொத்து வைத்துக்கொள்ளலாம், பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடலாம். கட்டிலில் படுப்பவர் மட்டும் பிள்ளையாக இருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கப் போட்ட ஏற்பாடு என்பதால், ஆரம்ப காலத்தில் இதில் தவறு சொல்ல முடியாது. இடம் குறைவு, கூட்டம் அதிகம். சம்பாதிக்கிறவர் சத்திரத்துக்குப் போகட்டும் என்பது நியாயம்தான்.

1932இல் ஜெர்மனியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் கூடி சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்தன. ஷிர்மான் தலைவர். அடுத்த ஆண்டே ‘இளைஞர்’ என்ற சொல்லுக்கு வேறொரு சொந்தக்காரர் வந்துவிட்டார். ஹிட்லர் இளைஞர் அமைப்பு மொத்த விடுதி வலைப்பின்னலையும் கைப்பற்றியது. ம்யூன்கர் நிர்வாகத்திலிருந்து போனார். ஷிர்மானைச் சிறிது காலம் கௌரவத்துக்கு வைத்திருந்து, 1936இல் சர்வதேசத் தலைவர் பதவியையும் விடவைத்தார்கள். விடுதி வாசலில் இனம் என்ன என்று கேட்கும் காலம் அது.

வாசலில் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு விடுதியின் கதையை எழுதிவிடலாம் என்று இந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. நம்மூர்ச் சத்திரங்களில் வயசு கேட்டதாக நான் படித்ததில்லை, சாதி கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்பது அதைப் பொறுத்தது. அதனால் “அந்தக் காலத்துல எல்லாருக்கும் திண்ணை திறந்திருந்தது” என்று யாராவது உருகினால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

பிரிட்டனில் கேட்ட கேள்வி வேறு. அங்கே விடுதிச் சங்கம் 1930இல் தொடங்கியது. ஜெர்மனியைப் பார்த்துத்தான் செய்தார்கள், பெயரிலும் ‘இளைஞர்’ இருந்தது. ஆனால் சங்கத்தின் நோக்கத்தை எழுதியவர்கள் ஒரு சின்ன வேலை செய்தார்கள். கிராமப்புறத்தை அறிந்து நேசிக்க எல்லோருக்கும் உதவுவது என்று முதலில் எழுதிவிட்டு, குறிப்பாக வசதி குறைந்த இளையோருக்கு என்று அடுத்துச் சேர்த்தார்கள். ‘எல்லோரும்’ முன்னால், ‘இளையோர்’ பின்னால். இந்தச் சொல்வரிசை ஒரு கதவைத் திறந்தே வைத்தது. மேல் வயது வரம்பு போடவில்லை. முதல் தலைவர் வரலாற்றாசிரியர் ஜி. எம். ட்ரெவெல்யன். பெரிய நடையர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர்.

ஓர் இரவுக்கு ஒரு ஷில்லிங். வாசலில் இருக்கும் வார்டன் உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு, எப்படி வந்தீர்கள் என்று பார்ப்பார். நடந்தா, சைக்கிளிலா? சரி, உள்ளே வாருங்கள். கார் என்றால் கிடையாது. காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, பூட்ஸில் கொஞ்சம் சேறு பூசிக்கொண்டு வந்தவர்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. 1970களில்தான் இந்த விதி தளர்ந்தது. பகலில் விடுதி பூட்டிக் கிடக்கும், மது கூடாது, ஆண் பெண் படுக்கையறைகள் தனித்தனி. காலையில் கிளம்புமுன் வார்டன் ஒரு வேலை கொடுப்பார்: பாத்திரம் கழுவு, படிக்கட்டைப் பெருக்கு. எழுபது வயதானாலும் துடைப்பம் உண்டு.

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். 1986இல், எனக்கு இருபத்துமூன்று வயதில், டெல்லியில் ஒரு இளைஞர் விடுதியில் தங்கியிருந்தேன். பொதுச் சமையலறையில் ஓர் ஆங்கிலேய அம்மா. எழுபதை நெருங்கியிருப்பார். பழைய விரிப்பை மடித்து மூன்று பக்கம் தைத்த உறையை வைத்திருந்தார், அதற்குள் நுழைந்துதான் தூங்குவாராம். போருக்கு முன்னால், சின்னப் பெண்ணாகச் சங்கத்தில் சேர்ந்தவர். நான் டீ கலக்கிய கரண்டியை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னாலேயே குரல் வந்தது. கழுவி வைத்துவிட்டுப் போ. கழுவினேன். அந்த அம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று அன்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் அவர்தான் வீட்டுக்காரர் மாதிரியும் நான் விருந்தாளி மாதிரியும் இருந்தது.

பிறகு காலம் மாறியது. 1980களிலிருந்து தனியார் ஹாஸ்டல்கள் பெருகின, முக்கியமாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம். உறுப்பினர் அட்டை வேண்டாம், துடைப்பம் வேண்டாம், பத்து மணிக்கு விளக்கணைப்பு இல்லை, கீழே பார் இருக்கும். பெரிய விடுதலைதான், நானே அனுபவித்திருக்கிறேன். பழைய சங்கங்கள் ஆட்டம் கண்டன. உறுப்பினர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, இளைஞர்கள் வேறு இடம் போய்க்கொண்டிருந்தார்கள். சங்கங்கள் ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றின. சர்வதேசக் கூட்டமைப்பு 2006இல் ‘ஹாஸ்டலிங் இன்டர்நேஷனல்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்துச் சங்கம் 2018இல் ‘ஹாஸ்டலிங் ஸ்காட்லாந்து’ ஆனது. ‘யூத்’ என்ற சொல் பலகையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

இதில் ஒரு விசித்திரம். ‘இளைஞர்’ என்று பெயரிலேயே வைத்திருந்த பிரிட்டிஷ் விடுதி அந்த அம்மாவை எழுபது வயது வரை உள்ளே விட்டது. பெயரில் எந்த வயதும் இல்லாத புதிய ஹாஸ்டல்களில் சில நாற்பத்தைந்தில் கதவைச் சாத்துகின்றன. அங்கே கட்டில் இரண்டாம் பட்சம். விற்பனைக்கு இருப்பது அந்தக் கூடத்தின் சூழல்: பீன் பேக், கிட்டார், சுவர் ஓவியம், நீங்கள். ஆமாம், மேல் கட்டிலில் படுத்து இதைப் போனில் வாசித்துக்கொண்டிருக்கும் நீங்களும் அந்தப் படத்தில் ஒரு பகுதி. நான் வந்து உட்கார்ந்தால் படம் கெடுகிறது. உங்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

ஜெர்மன் சங்கத்தில் இன்றும் 27 ஒரு கோடுதான். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சந்தா குறைவு, மேலே போனால் கூடுதல். பவேரியாவிலும் இப்போது தங்கலாம். கூடுதல் காசு கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஷிர்மான் 1961இல் 87 வயதில் இறந்தார்.

அன்று புதுச்சேரியில் இருட்டுவதற்குள் பேருந்து நிலையம் பக்கம் இன்னொரு ஹாஸ்டல் கிடைத்தது. மேசையில் இருந்த பெண் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அடுத்த நடைக்குத் தயாராகப் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்கிள், அப்பர் பர்த்துதான் இருக்கு. ஏணி ஏறிடுவீங்களா?”

ஏறிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு, கீழே படுத்திருந்த பையனின் முகத்தை மிதிக்காமல் இருட்டில் கால் துழாவி இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.