ஆணியைப் பிடுங்கினால் போதுமா?

சுவா சூ காங்கில் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது 1990-ல். அதற்கு முன் அந்த வட்டாரத்தில் இருந்தவை ரப்பர் தோட்டங்கள், காய்கறித் தோட்டங்கள், கோழிப் பண்ணைகள், கம்பத்து வீடுகள். பொழுது சாய்ந்தபின் வாழை மரத்தடியில் நிற்காதே, இருட்டில் கெம்போஜாப் பூ வாசம் வந்தால் திரும்பிப் பார்க்காதே என்று பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரித்த காலம் அது. மலாய் வீட்டிலும் அதே எச்சரிக்கைதான், சீனர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் அதேதான். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் பயந்தது ஒரே பெயருக்கு: பொந்தியானாக்.

இன்று அங்கே வரிசை வரிசையாக வீவக அடுக்குமாடிகள். வாழைத்தோப்பு போய்விட்டது, இருட்டும் போய்விட்டது. பொந்தியானாக் மட்டும் திரைப்படங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறாள். வரும்போதெல்லாம் பார்ப்பவர்கள், "பழைய படம்போல வராது" என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய படத்தை இன்று யாராலும் பார்க்க முடியாது.

அழ வைத்த பிறகு பயமுறுத்திய படம்

1957 ஏப்ரல் 27-ஆம் தேதி கேத்தே திரையரங்கில் 'பொந்தியானாக்' வெளியானது. தயாரித்தது கேத்தே-கிரிஸ். திரையரங்குகளை நடத்திய லோக் வான் தோவும், கிரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஹோ ஆ லோக்கும் சேர்ந்து, ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் நடத்திய படப்பிடிப்பு நிலையம் அது. நாயகி, இந்தோனேசியாவின் மெனாடோவைச் சேர்ந்த மரியா மெனாடோ. கதை எழுதியவர் அன்று அவருடைய கணவராக இருந்த அப்துல் ரசாக்.

இயக்குநரைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அவர் பி.என்.ராவ். 1941-ல் 'மதனகாமராஜன்', 1945-ல் ரஞ்சனும் எம்.ஜி.ஆரும் நடித்த 'சாலிவாகனன்' ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர். 1950-களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்து, முதலில் ஷா சகோதரர்களிடமும் பிறகு கேத்தே-கிரிஸிலும் வேலை பார்த்தார். ஷாவுக்காக அவர் இயக்கிய 'ஹுஜான் பானாஸ்' படத்தில் நடித்தவர் பி.ரம்லி. மாயமும் மந்திரமும் நிறைந்த தமிழ்ப் படங்களில் பழகிய கைதான் மலாய்த் திரையின் புகழ்பெற்ற பேயை உருவாக்கியது.

கதை எளிமையானது. கூன் விழுந்த, அழகற்ற பெண் சோமெல். ஒரு மந்திர மருந்தைக் குடித்துப் பேரழகியாகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: மனித ரத்தத்தின் ருசி அவள் நாவில் படவே கூடாது. கல்யாணம் நடக்கிறது, ஒரு பெண் குழந்தையும் பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காப்பாற்ற விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள். ரத்தம் நாவில் படுகிறது. அந்தக் கணமே அவள் பொந்தியானாக்.

அவள் பேயானது பேராசையால் அல்ல. புருஷன் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததால். அதனால்தான் மக்கள் முதலில் அவளுக்காக அழுதார்கள், பிறகு அவளைப் பார்த்துப் பயந்தார்கள். படம் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடியது. மலாய் தெரியாத சீனர்களும் பார்க்கும்படி சீன மொழியில் குரல் மாற்றியும் வெளியிட்டார்கள். சாத்தே விற்பவராகச் சிரிக்க வைத்த வாஹிட் என்ற நடிகர், அதன்பின் ஆயுள் முழுவதும் 'வாஹிட் சாத்தே' ஆனார். ஒரு படம் ஊரை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அந்தப் பட்டப்பெயரே சாட்சி.

தமிழருக்கு அந்நியமான கதையா?

மலாய் நம்பிக்கைப்படி, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்தான் பொந்தியானாக். அவள் பிடரியில் ஓர் ஆணியை அறைந்துவிட்டால் அடங்கி, அழகிய பெண்ணாகக் குடும்பம் நடத்துவாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி பேய்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேயோட்டுபவர், பேய் பிடித்தவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பதுண்டு. சாலையோரம் நிற்கும் சுமைதாங்கிக் கல்லின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று அவள் நினைவாக உறவினர் நட்ட கல் அது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறினால், செத்தவளின் சுமையும் குறையும் என்பது நம்பிக்கை. ஒரு சமூகம் கல் நட்டது, இன்னொரு சமூகம் கதை சொன்னது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே துக்கம்: மருத்துவ வசதியில்லாத காலத்தில் பிரசவத்தில் இறந்துபோன எண்ணற்ற தாய்மார்கள்.

இரண்டே ஆண்டில் நான்கு படம்

வெற்றி கிடைத்ததும் அவசரமும் வந்தது. அதே 1957-லேயே ராவ் இயக்கத்தில் 'டெண்டாம் பொந்தியானாக்', அதாவது பொந்தியானாக்கின் பழிவாங்கல், வெளிவந்தது. 1958-ல் மூன்றாம் பாகமான 'சும்பா பொந்தியானாக்', அகலத்திரையான சினிமாஸ்கோப்பில் வந்தது. போட்டி நிறுவனமான ஷா சும்மா இருக்குமா? ஜாலான் அம்பாஸில் இருந்த அதன் படப்பிடிப்பு நிலையம், பிலிப்பீன்ஸ் இயக்குநர் ரமோன் எஸ்தெல்லாவை வைத்து அதே 1958-ல் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. பேய்ப்போட்டி அதோடும் நிற்கவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி வரும் 'ஓராங் மின்யாக்' கதையையும் அவ்வாண்டே இரு நிறுவனங்களும் எடுத்தன. ஷாவுக்கு இயக்கியவர் பி.ரம்லி. கேத்தே-கிரிஸுக்கு இயக்கியவர் எல்.கிருஷ்ணன். 1950-ல் 'பக்தி' படத்தில் ரம்லியை நாயகனாக்கிய தமிழர் இவர். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2023-ல் காலமானார்.

மூன்றாம் பாகம் வரைக்கும் கதையில் உயிர் இருந்தது என்றே சொல்ல வேண்டும். அதில் சோமெல், தன் மகளை மற்றப் பேய்களிடமிருந்து காப்பாற்றத் திரும்பி வருகிறாள். பேயான பிறகும் அவள் தாய்தான்.

சரிவு அதற்குப் பிறகு. 1963-ல் எஸ்தெல்லா இயக்கத்தில் 'பொந்தியானாக் கெம்பாலி'. அதே ஆண்டு மரியா மெனாடோ பகாங் சுல்தானை மணந்து திரையுலகை விட்டு விலகினார். அவர் இல்லாமலேயே 1964-ல் ராவ் 'பொந்தியானாக் குவா மூசாங்' எடுத்தார். முதல் படத்தின் வெற்றியை இரண்டில் ஒன்றும் எட்டவில்லை.

காரணம் படத்துக்கு வெளியேயும் இருந்தது. 1963 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டு ஆரம்பித்த இந்தோனேசிய எதிர்ப்பியக்கத்தால் மலாய்ப் படங்களுக்கு அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1964 ஜூனில் லோக் வான் தோ தைவானில் விமான விபத்தில் மாண்டார். ஷாவின் ஜாலான் அம்பாஸ் நிலையம் 1967-ல் மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் கேத்தே-கிரிஸும் மலாய்ப் படத் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

பிறகு வந்தவை உதிரி முயற்சிகள். 1975-ல் ரோஜர் சட்டன் ஒரு 'பொந்தியானாக்' எடுத்தார். 2001-ல் ஜின் என்ற இயக்குநர் 'ரிட்டர்ன் டு பொந்தியானாக்' எடுத்தார். 1999-ல் உலகை உலுக்கிய 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' பாணியில், காட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் இளையர்களின் கதை. காடு இருந்தது, கேமரா ஆடியது. சோமெல்தான் இல்லை.

வெளிச்சம் வந்தால் பேய் போய்விடுமா?

"கம்பத்து இருட்டு போனது, பயமும் போனது. மின்விளக்குக்கு அடியில் வாழ்பவன் பொந்தியானாக்குக்கு எப்படிப் பயப்படுவான்?" என்று வாதிடுவோர் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004-ல் மலேசியாவில் நடந்தது இந்த வாதத்தை உடைக்கிறது.

அவ்வாண்டு ஷுஹைமி பாபா என்ற பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' எடுத்தார். கைத்தொலைபேசியும் கணினியும் வந்துவிட்ட காலம். இருந்தும் கூட்டம் அலைமோதியது. ஏனென்றால், கர்ப்பிணியாக இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரு நடனக் கலைஞரின் கதை அது. இருட்டு திரும்பவில்லை, துக்கம் திரும்பியிருந்தது. மறு ஆண்டே இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகம் பேசப்பட்ட அளவுக்கு அது பேசப்படவில்லை. மாறியது ஊர் வெளிச்சமல்ல, கதையின் கனம்.

தமிழ்ப் படங்களையே எடுத்துக்கொள்ளலாம். 2005-ல் வந்த 'சந்திரமுகி' சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. அதில் பேயே கிடையாது. கங்கா என்ற பெண்ணின் மனம் இரண்டாகப் பிளந்த வேதனைதான் படம். 18 ஆண்டு கழித்து, 2023-ல், அதே பி.வாசு 'சந்திரமுகி 2' எடுத்தார். அரண்மனை வந்தது, வேட்டையன் வந்தான், வடிவேலுவும் வந்தார். இம்முறை நிஜப் பேயும் வந்தது. கங்கா மட்டும் வரவில்லை. ரசிகர்கள் வாடிய முகத்தோடு வெளியே வந்தார்கள்.

அப்படியானால் இரண்டாம் பாகம் என்றாலே தோல்விதானா? அதுவும் இல்லை. ராகவா லாரன்ஸின் 'முனி' 2007-ல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'காஞ்சனா' 2011-ல் முதல் பாகத்தையே மிஞ்சியது. பழைய பேயை எழுப்பாமல், வஞ்சிக்கப்பட்ட திருநங்கை ஒருவரின் புதிய துயரத்தை அது சொன்னது. சரத்குமார் அந்த வேடத்தில் நின்றபோது அரங்கம் பயந்தது கொஞ்சம், கலங்கியது அதிகம்.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1980-ல் ஒரு ஏரிக்கரை முகாமில் தொடங்கிய 'ஃபிரைடே தி தர்டீந்த்', பத்தாம் பாகத்தில் விண்வெளிக்கே போய்விட்டது. முதல் படத்தில், ஏரியில் மூழ்கிய மகனுக்காகப் பழிவாங்கிய ஒரு தாய் இருந்தாள். பத்தாம் படத்தில் முகமூடியும் கத்தியும்தான் மிச்சம்.

தொடர்படம் எடுப்பவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே வேலை: அடங்கிக் கிடக்கும் பேயின் ஆணியைப் பிடுங்குவது. பிடுங்கினால் பேய் எழும், உண்மைதான். அவள் எதற்காக அழுதாள் என்பது தெரியாமல் பிடுங்கினால், எழுவது வெறும் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும்தான்.

தொலைந்த படமும் தங்கிய படமும்

இனி வருத்தமான செய்தி. ராவ் இயக்கிய முதல் இரண்டு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக்கே அவற்றை ஈயச் சுரங்கக் குட்டையில் வீசிவிட்டார் என்று திரை வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஓடி முடிந்த படத்தை இடத்தை அடைக்கும் சுமையாகப் பலர் கருதிய காலம் அது. மூன்றாம் பாகமும் பின்னால் வந்தவற்றுள் சிலவும் தப்பின. ஆக, வம்சத்தின் தாய் தொலைந்துபோனாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் அவளுடைய முகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2019-ல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் இணைந்து 1965-ஆம் ஆண்டில் நடக்கும் ஒரு கதையை எடுத்து, 'டெண்டாம் பொந்தியானாக்' என்றே பெயர் வைத்தார்கள். தொலைந்துபோன இரண்டாம் படத்தின் பெயராவது அப்படித் திரைக்குத் திரும்பியது.

ஆறுதலும் உண்டு. 2005-ல் தொடங்கப்பட்ட ஆசியத் திரைப்படக் காப்பகம், கேத்தே-கிரிஸின் எஞ்சிய மலாய்ப் படங்களைக் காத்து வருகிறது. 91 படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு, 2014-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ராவ், கிருஷ்ணன் போன்றவர்கள் மலாய் மொழியில் விட்டுச்சென்ற உழைப்பும் அதில் அடக்கம். இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இப்பெயர்கள் தெரியாது. பி.ரம்லி என்றால் தெரியும். அவரை நாயகனாக்கியவர் ஒரு தமிழர் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள்.

சுவா சூ காங்குக்கே திரும்பலாம். சிங்கப்பூரில் இன்றும் உடல் அடக்கம் நடக்கும் பொது இடுகாடு அங்கேதான் இருக்கிறது. இடப் பற்றாக்குறையால் 1998 முதல் ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் தவணை. தெங்கா விமானப்படைத் தளத்தை விரிவாக்க, அங்குள்ள 80,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி எடுக்கப்படும் என்று 2017-ல் அறிவிக்கப்பட்டது. சிறிய நாடு, வேறு வழியில்லை. மாண்டவர்களே இடம் மாற வேண்டிய ஊரில், அவர்களைப் பற்றிய கதைகளாவது ஓரிடத்தில் தங்க வேண்டாமா?

பாட்டி சொன்ன பேய்க்கதையைப் பேரன் எழுதி வைக்கலாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய படத் துண்டுப்பிரசுரத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் குப்பையில் போடுமுன் காப்பகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலாம். அடுத்த பொந்தியானாக் படத்தை எடுக்க வரும் இளைஞர், ஆணியைத் தேடுவதற்கு முன் சோமெலைத் தேடட்டும். பாம்பு கடித்த கணவனின் காலருகே, உறிஞ்சினால் தான் அழிவோம் என்று தெரிந்தும் குனிந்த அந்தப் பெண்ணை.