ஸ்கீ அகலம்

பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயின் அகலம் என்பது பூட்ஸுக்குக் கீழே, அதன் மிகக் குறுகிய இடைப்பகுதியில் மில்லிமீட்டரில் அளக்கப்படுவது. முனையும் வாலும் இதைவிட அகன்றிருக்கும்.

குறுகிய ஸ்கீ ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு விரைவாகச் சாயும். இறுகிய பனியை நன்றாகப் பற்றும். ஸ்லாலோம் பந்தய ஸ்கீயின் இடை சுமார் 65 மி.மீ. மட்டுமே. குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறங்கிய பந்தயங்களில் ஸ்லாலோமும் ஒன்று. அகன்ற ஸ்கீ எடையைப் பரப்பிப் புதுப்பனியில் மிதக்கும். இறுகிய சரிவிலோ மெதுவாகத் திரும்பும், முழங்காலுக்கும் சுமை கூட்டும்.

இந்தியாவிலேயே இரு எல்லைகளையும் காணலாம். உத்தராகண்டின் ஔலியில் சமன்செய்த சரிவுகளே அதிகம். 70 முதல் 85 மி.மீ. போதும். காஷ்மீரின் குல்மார்க்கில் கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. அங்கே சமன்செய்யாத ஆழ்பனி, 100 மி.மீ.க்கு மேற்பட்டதே பொருத்தம். ஆனால் அதே குல்மார்க்கின் அடிவாரச் சரிவில் முதன்முறை பழகுபவருக்கு அது வீண்சுமை. சமன்செய்த சரிவிலும் ஆழ்பனியிலும் சறுக்குவோர் 85 முதல் 100 வரையிலான நடுத்தர அகலத்தை நாடுகின்றனர். இது ஒரு சமரசம். எதிலும் உச்சத்தைத் தராது.

அகலம் ஒன்றே எல்லாம் அல்ல. முனை மேல்நோக்கி வளைந்த ‘ராக்கர்’ வடிவம் குறைந்த அகலத்திலும் மிதப்பைக் கூட்டும். பூட்ஸைப் பிணைக்கும் பைண்டிங்கின் பிரேக், ஸ்கீயின் இடையைவிடச் சற்றே அகன்றிருக்க வேண்டும்.